தென்னைக்கும் பனைக்கும் நடுவே ஒரு கொடி

இங்கிலாந்தில் ஒருவர் பழைய செங்கல் வீடு ஒன்றை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். பின்பக்கம் கொஞ்சம் தோட்டம் உண்டு. வடக்குப் பார்த்த சுவர் ஒன்று வெயிலே படாமல் மொட்டையாக நிற்கிறது. அதில் எதையாவது படரவிட்டால் நன்றாக இருக்குமே என்று தோட்டக்கடைக்குப் போகிறார். நிழலில் வளர்கிற கொடி வேண்டும் என்று கேட்டதும், கடைக்காரர் அதிகம் யோசிக்காமல் கை காட்டுவது கொடி ஹைட்ரேஞ்சியாவை. தொட்டியில் தொங்கும் அட்டையில் ஒரு படம். வீட்டு முகப்பு முழுவதையும் மூடிக்கொண்டு வெள்ளை வெள்ளையாகப் பூக்கள். வாங்கிவந்து நடுகிறார்.

முதல் வருடம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் வருடம் நாலு இலை கூடுதல், அவ்வளவுதான். மூன்றாம் வருடக் கோடையில் இலை ஓரமெல்லாம் கருகி, ஆகஸ்ட் மாதமே உதிர ஆரம்பிக்கிறது. பதறிப்போய் உரம் போடுகிறார். வெட்டிவிடுகிறார். இடம் மாற்றி நடுகிறார். நான்காம் வருடம் செடி குப்பைக்குப் போகிறது. அந்த இடத்தில் வேறு ஏதோ வருகிறது.

இது ஒரு கற்பனைக் கதைதான். ஆனால் தோட்டம் வைத்திருப்பவர்கள் யாரிடம் கேட்டாலும் இதில் பாதியாவது தங்கள் கதை என்பார்கள். லண்டனிலும் டொராண்டோவிலும் வீடு வாங்கித் தோட்டம் போடும் தமிழர்களுக்கும் இது புதிதாக இருக்காது.

வாடி நிற்கும் கொடி ஹைட்ரேஞ்சியாவைப் பிழைக்க வைப்பதில் பாதி வேலை, அதற்கு ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வைத்தியங்களை நிறுத்துவது. மீதிப் பாதி தண்ணீர். இந்தக் கட்டுரை சொல்ல வருவது இவ்வளவுதான். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். ஆனால் இதைச் செய்ய முடியாமல்தான் நல்ல செடிகள் பல உயிரோடு பிடுங்கப்படுகின்றன.

எங்கிருந்து வந்த கொடி?

ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போய்வந்தவர்களுக்கு ஹைட்ரேஞ்சியா என்றதும் நினைவுக்கு வருவது பந்து பந்தாகப் பூக்கும் புதர்ச்செடி. மலைமண்ணின் புளிப்பால் அங்கே அது பெரும்பாலும் நீலமாகப் பூக்கும். கொடி ஹைட்ரேஞ்சியா அதற்கு உறவுக்காரச் செடிதான், ஆனால் குணம் வேறு. ஜப்பான், கொரியா, ரஷ்யாவின் சகாலின் தீவு ஆகிய பகுதிகளின் குளிர்ந்த காடுகள் அதன் சொந்த ஊர். ஜப்பானியர்கள் இதை 'ட்சுரு அஜிசாய்' என்கிறார்கள். 'ட்சுரு' என்றால் கொடி, 'அஜிசாய்' என்றால் ஹைட்ரேஞ்சியா.

ஐரோப்பியத் தாவரவியலுக்கு இதை அறிமுகப்படுத்தியவர்களில் முக்கியமானவர் பிலிப் ஃபிரான்ஸ் ஃபான் சீபோல்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர். 1823 முதல் 1829 வரை நாகசாகியை ஒட்டிய தெஜிமா என்ற குட்டித் தீவில் டச்சு வணிக நிலையத்தின் மருத்துவராக இருந்தவர். ஜப்பானின் வரைபடங்களை வைத்திருந்த குற்றத்துக்காக நாடு கடத்தப்பட்டார். பிறகு ஐரோப்பா திரும்பி, ட்ஸுக்கரினி என்ற தாவரவியலாளரோடு சேர்ந்து 1835-லிருந்து வெளியிட்ட ஜப்பானியத் தாவரங்கள் பற்றிய நூலின் வழியாகப் பல செடிகளுக்குப் பெயர் கிடைத்தது. கொடி ஹைட்ரேஞ்சியாவுக்கு 'பெட்டியோலாரிஸ்' என்ற பெயரைச் சூட்டியதும் இந்த இருவர்தான். நேபாளத்திலிருந்து 1825-இல் விவரிக்கப்பட்ட இமயமலைக் கொடி ஒன்றும் உண்டு. ஜப்பானியக் கொடி அதன் கிளையினமா, தனி இனமா என்பதில் தாவரவியலாளர்களிடையே இன்றும் இரண்டு கருத்துகள் இருக்கின்றன.

அது கிடக்கட்டும். செடியை வளர்ப்பவருக்குத் தெரிய வேண்டியது அதன் பெயரைவிட, அது காட்டில் எப்படி வாழ்கிறது என்பதுதான். அது பாகற்கொடி போலப் பற்றுக்கம்பி வீசி ஏறுவதில்லை. அவரை போலச் சுற்றிக்கொண்டும் ஏறுவதில்லை. மிளகுக்கொடியும் வெற்றிலைக்கொடியும் ஏறுவது போல, தண்டிலிருந்து பற்றுவேர்களை விட்டு மரப்பட்டையில் ஒட்டிக்கொண்டு ஏறுகிறது. சின்ன வயதில் காட்டுத் தரையில், மட்கிய இலைகளுக்கு மேலே, சிறு இலைகளோடு ஊர்ந்துகொண்டிருக்கும். ஒரு மரம் தட்டுப்பட்டால் பிடித்துக்கொள்ளும். மெல்ல மெல்ல 15 மீட்டருக்கும் மேலே போய், வெளிச்சம் கிடைத்த பிறகு பக்கக் கிளைகளை வெளியே நீட்டிப் பூக்கும்.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. அதன் வேர் எப்போதும் நிழலில், ஈரத்தில், மட்கின இலைக்குள் இருக்கிறது. இளமையில் அது மேலே வளர்வதைவிடக் கீழே வேர் பிடிப்பதில்தான் அதிக நேரம் செலவிடுகிறது. ஏறிய பிறகுதான் பூக்கிறது. ஆக, தோட்டத்தில் முதல் சில வருடங்கள் அது 'ஒன்றும் செய்யாமல்' நிற்பது நோயல்ல. அதன் பிறவிக் குணம்.

மேல்நாட்டுத் தோட்டக்காரர்களிடையே ஒரு பேச்சு உண்டு. கொடி முதல் வருடம் தூங்கும், இரண்டாம் வருடம் தவழும், மூன்றாம் வருடம் தாவும் என்பார்கள். கொடி ஹைட்ரேஞ்சியா விஷயத்தில் அதுவும் அவசரக் கணக்கு. பூப்பதற்கு ஐந்து வருடம் எடுத்துக்கொள்ளும் செடிகள் சாதாரணம். அதற்கு மேலும் ஆகலாம்.

செத்ததா, இல்லையா?

கொடி ஹைட்ரேஞ்சியா குளிர்காலத்தில் இலை உதிர்க்கும். சுவரில் ஒட்டிய ஐவி போல வருடம் முழுக்கப் பச்சையாக இருக்காது. இது தெரியாமல் வாங்கியவர்கள் முதல் டிசம்பரிலேயே 'போய்விட்டது' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். போதாக்குறைக்கு முதிர்ந்த தண்டின் பட்டை பழுப்பு நிறத்தில் தாள் தாளாக உரியும். பார்ப்பதற்குச் செத்த குச்சி போலவே இருக்கும். உண்மையில் அந்த உரியும் பட்டைதான் குளிர்காலத்தில் அந்தச் செடியின் அழகு.

சந்தேகம் இருந்தால் சோதிப்பதற்கு ஒரு நகம் போதும். தண்டின் மேல்தோலை லேசாகச் சுரண்டிப் பார்க்க வேண்டும். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகக் காய்ந்திருந்தால் அந்தக் கிளை போய்விட்டது. ஆனால் அதன் அடிப்பகுதி உயிரோடு இருக்கலாம். நுனியிலிருந்து கீழே வரவர இரண்டு மூன்று இடங்களில் சுரண்ட வேண்டும். எங்கே பச்சை ஆரம்பிக்கிறதோ அதற்குச் சற்று மேலே வெட்டினால் போதும். அடியோடு பிடுங்கும் முடிவை மே மாதம் முடியும் வரை தள்ளிப்போடுவது நல்லது.

வசந்தத்தில் மொட்டு விரிந்த பிறகு காலம் தப்பிய உறைபனி ஒன்று அடித்தால் இளம் இலைகள் ஒரே இரவில் கறுத்துத் தொங்கும். அதையும் சாவு என்று நினைக்கக் கூடாது. சில வாரங்களில் அடுத்த மொட்டுகள் விழித்துக்கொள்ளும். அந்த வருடப் பூ மட்டும் போயிருக்கும்.

சுவரடியில் ஒரு பாலைவனம்

ஹைட்ரேஞ்சியா என்ற சொல்லே தண்ணீரிலிருந்து வந்தது. கிரேக்க மொழியில் 'தண்ணீர்ப் பாத்திரம்' என்று பொருள். அதன் விதைக்கூடு சிறு குடம் போல இருப்பதால் வந்த பெயர் அது. ஆனால் செடியின் தாகத்துக்கும் அந்தப் பெயர் பொருந்திப்போகிறது.

இங்கிலாந்தில் எப்போதும் மழைதானே, அங்கே தண்ணீருக்கு என்ன பஞ்சம் என்று தோன்றும். அங்கேதான் விஷயமே இருக்கிறது. மழை பெரும்பாலும் காற்றோடு சாய்வாகத்தான் பெய்கிறது. சுவர் அதைத் தடுக்கிறது. மேலே கூரை வாரம் வேறு குடை பிடிக்கிறது. ஊரெல்லாம் நனைந்தாலும் சுவரை ஒட்டி அரை மீட்டர் அகலத்துக்கு மண் காய்ந்தே கிடக்கும். போதாததற்குச் செங்கல் வேறு ஈரத்தை உறிஞ்சும். அடித்தளத்தில் கட்டடக் கழிவும் உடைந்த காரையும் புதைந்திருக்கும். ஈரமான காட்டுத் தரைக்குப் பிறந்த செடியை அந்த இடத்தில்தான், அதுவும் சுவரோடு ஒட்டி, நட்டுவைக்கிறார்கள். அது வளராமல் நிற்பதில் என்ன ஆச்சரியம்?

வழி எளிது. நடும்போதே சுவரிலிருந்து ஏறக்குறைய 45 செண்டிமீட்டர் தள்ளிக் குழி எடுத்து, தண்டைச் சுவர் பக்கம் சாய்த்துக் கட்டிவிட வேண்டும். ஏற்கெனவே ஒட்டி நட்டாயிற்று என்றால், செடியின் வெளிப்பக்கம் பாத்தி கட்டித் தண்ணீரை அங்கே நிறுத்த வேண்டும். வேர் தானாக அந்தப் பக்கம் தேடி வரும். வறண்ட நாட்களில் தினமும் ஒரு குவளை தெளிப்பதைவிட, வாரத்துக்கு ஓரிரு முறை ஒரு முழு வாளியை மெதுவாக ஊற்றுவது மேல். மேலே தெளித்த தண்ணீர் மேல்மண்ணோடு காய்ந்துவிடும். வேரும் அதைத் தேடி மேலேயே நின்றுவிடும்.

அடுத்தது மூடாக்கு. இலைமட்கு, மரப்பட்டைத் துகள், நன்கு மட்கிய உரம் எதுவானாலும் சரி. வசந்தத்தில் மண் ஈரமாக இருக்கும்போது நாலைந்து விரல்கடை உயரத்துக்குப் பரப்பிவிட வேண்டும். தண்டை ஒட்டாமல் கொஞ்சம் இடைவெளி விட வேண்டும், இல்லையென்றால் தண்டு அழுகும். ஒரு வகையில் இது ஜப்பானியக் காட்டின் தரையைச் சுவரடிக்குக் கொண்டுவருகிற வேலைதான். வேறெந்த உரத்தையும்விட இது உதவும்.

2022 கோடையில் இதன் அருமை தெரிந்தது. அந்த ஆண்டு ஜூலை 19 அன்று லிங்கன்ஷைரில் உள்ள கானிங்ஸ்பி என்ற இடத்தில் 40.3 டிகிரி செல்சியஸ் பதிவானது. பிரிட்டனில் 40 டிகிரியைத் தாண்டியது அதுதான் முதல் முறை. ஆகஸ்டில் தென் இங்கிலாந்தின் பல பகுதிகளில் குழாய் மூலம் தோட்டத்துக்குத் தண்ணீர் விடத் தடை வந்தது. மரங்கள் காலத்துக்கு முன்பே இலை உதிர்த்ததைப் பார்த்து அதற்குப் 'பொய் இலையுதிர்காலம்' என்று பெயர் வைத்தார்கள். தண்ணீர் பற்றாத செடி இலையை உதிர்ப்பது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். செலவைக் குறைத்துக்கொண்டு வேரைக் காக்கிறது. அப்படி உதிர்த்த செடியைச் செத்ததென்று வெட்டிப் போடுவது, மயங்கி விழுந்தவரைத் தண்ணீர் தெளித்துப் பார்க்காமலே தூக்கிக்கொண்டு போவது மாதிரி.

தண்ணீர் அதிகமானாலும் ஆபத்துதான். கெட்டியான களிமண்ணில் வெட்டிய குழி வாளி மாதிரி தண்ணீரைத் தேக்கிவைக்கும். வேர் மூச்சு முட்டி அழுகும். வேடிக்கை என்னவென்றால், வேர் அழுகிய செடியும் தண்ணீர் இல்லாத செடி போலவேதான் வாடும். அதைப் பார்த்துவிட்டு இன்னும் தண்ணீர் ஊற்றுவார்கள். ஊற்றுவதற்கு முன்னால் விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். உள்ளே ஈரம் இருக்கும்போது செடி வாடினால் சிக்கல் வேரில் இருக்கிறது.

அன்புத் தொல்லை

இனி வைத்தியங்களின் கதை.

முதல் வைத்தியம் உரம். வளரவில்லையே என்று புல்தரைக்குப் போடுகிற தழைச்சத்து உரத்தை அள்ளிப் போடுவார்கள். பலன், இலை தளதளவென்று வரும், பூ வராது. வேர் பிடிக்காத செடிக்கு அதிக உரம் போட்டால் வேர் கருகவும் கருகும். இந்தக் கொடி பெருந்தீனிக்காரச் செடி அல்ல. வருடம் ஒரு முறை மட்குரம் போட்டால் பெரும்பாலும் அதுவே போதும்.

இரண்டாவது கத்தரிக்கோல். கவாத்து செய்தால் துளிர்க்கும் என்பது பொது அறிவு. ரோஜாவுக்குச் சரி. கொடி ஹைட்ரேஞ்சியா போன வருடத் தண்டில் பூக்கிறது. அடுத்த வருடப் பூவுக்கான மொட்டுகளைக் குளிர்காலம் முழுக்கச் சுமந்துகொண்டு நிற்கிறது. பிப்ரவரியில் கையில் கத்தரிக்கோலோடு போய் 'ஒழுங்குபடுத்தும்' ஒவ்வொருவரும் ஜூன் மாதப் பூவைத்தான் வெட்டுகிறார்கள். பிறகு ஜூனில் ஏன் பூக்கவில்லை என்று கேட்கிறார்கள்! வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் பூத்து முடிந்த கையோடு கோடையிலேயே வெட்டிவிட வேண்டும். சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பக்கக் கிளைகள் பார்க்க ஒழுங்கில்லாமல் இருக்கும். ஆனால் பூப்பது அவைதான். சுவரோடு சுவராக மொழுமொழுவென்று வெட்டிவிட்டால் பூ எங்கிருந்து வரும்?

மூன்றாவது, மண்ணைப் பக்குவப்படுத்துகிறேன் என்று செய்யும் ரசவாதம். புதர் ஹைட்ரேஞ்சியாக்கள் சிலவற்றின் பூ, மண்ணின் புளிப்புக்கும் அதனால் கிடைக்கும் அலுமினியத்துக்கும் ஏற்ப நீலமாகவோ இளஞ்சிவப்பாகவோ மாறும். அதைக் கேள்விப்பட்டவர்கள் துருப்பிடித்த ஆணி, காபித்தூள், நீலமாக்கும் பொடி என்று என்னென்னவோ போடுகிறார்கள். கொடி ஹைட்ரேஞ்சியாவின் பூ வெள்ளை. எதைப் போட்டாலும் வெள்ளைதான். நடுவில் பொடிப் பொடியாக இருப்பவைதான் விதை தரும் பூக்கள். சுற்றிலும் பெரிதாகத் தெரிபவை பூச்சிகளை அழைக்கும் விளம்பரம் மட்டுமே.

மண் விஷயத்தில் உண்மையான சிக்கல் ஒன்று உண்டு. பழைய சுவரிலிருந்து உதிர்ந்த சுண்ணாம்புக் காரை மண்ணில் கலந்திருந்தால், செடியால் இரும்புச்சத்தை எடுத்துக்கொள்ள முடியாது. இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். அதற்கு இலைமட்கு சேர்ப்பதும், குழாய்த் தண்ணீர் கடினமாக இருந்தால் மழைநீரைப் பிடித்து ஊற்றுவதும் பலன் தரும். இலை வெளுப்பு கடுமையாக இருந்தால் செடி எளிதில் எடுத்துக்கொள்ளும் வடிவில் விற்கும் இரும்புச்சத்தைக் கொடுக்கலாம்.

நான்காவதுதான் கொடுமை. இடம் மாற்றுவது. வேர் பிடிப்பதற்காக இரண்டு மூன்று வருடம் கண்ணுக்குத் தெரியாமல் உழைத்த செடியைப் பிடுங்கி வேறிடத்தில் வைத்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. இதில் ஒரு விலக்கு உண்டு. நாள் முழுக்கத் தெற்கு வெயில் அறையும் சுவரில் நட்டிருந்தால் மாற்றுவதே நல்லது. (பிரிட்டன் இருக்கும் அட்சரேகையில் நண்பகல் சூரியன் வருடம் முழுக்கத் தெற்கில்தான் இருக்கும். சென்னையில் போல ஜூன் மாதத்தில் உச்சி தாண்டி வடக்கே போகாது. அதனால்தான் அங்கே வடக்குச் சுவர் நிழல், தெற்குச் சுவர் அடுப்பு.) அப்படி மாற்றும்போதும் இலை உதிர்ந்து செடி தூங்கும் காலத்தில், வேர்மண் உதிராமல், ஒரே ஒரு முறை.

தோண்டிப் பார்க்க ஒரே ஒரு நல்ல காரணம் இருக்கிறது. தொட்டியில் நெடுநாள் கிடந்த செடியின் வேர் தொட்டி வடிவத்திலேயே சுருண்டு இறுகியிருக்கும். அதை அப்படியே மண்ணில் இறக்கியிருந்தால், மூன்று வருடம் கழித்தும் வேர் அந்த வட்டத்தைவிட்டு வெளியே வந்திருக்காது. லேசாக அசைத்தாலே செடி ஆடினால் அதுதான் அறிகுறி. குளிர்காலத்தில் எடுத்து, சுருண்ட வேர்களைப் பிரித்து, பிரியாதவற்றை நாலு பக்கமும் கீறிவிட்டு, தொட்டியில் இருந்த அதே ஆழத்தில் திரும்ப நட வேண்டும். தண்டின் கழுத்தைப் புதைக்கக் கூடாது.

சுவரில் பிடிக்காமல் தொங்குகிறதே என்பதும் அடிக்கடி கேட்கும் குறை. இளந்தண்டுதான் பற்றுவேர் விடும். காற்றாலோ, வெள்ளையடிக்கும்போதோ ஒரு முறை பிய்ந்த பழைய தண்டு மறுபடி ஒட்டாது. அதைக் கயிற்றால் கட்டிவைத்துவிட்டு, புதுத் துளிர்கள் பிடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். தரையில் கிடக்கும் தண்டை வெட்டி எறிய வேண்டாம். அதன் மேல் ஒரு கை மண்ணும் ஒரு கல்லும் வைத்தால் தானே வேர்விடும். நம்மூரில் முல்லைக்கும் மல்லிகைக்கும் பதியம் போடுவது போலத்தான். தாய்ச்செடி போனாலும் வாரிசு இருக்கும்.

பழைய கொடியும் புது வீட்டுக்காரரும்

இளஞ்செடியைவிட அதிக ஆபத்தில் இருப்பது வளர்ந்த கொடி. இருபது வருடம் ஏறிய கொடியோடு வீடு கைமாறுகிறது. புதியவருக்கு அது சன்னலை மறைக்கிற புதர். கூரைக்குழாயில் புகுந்துவிடும், சுவரைப் பிளந்துவிடும் என்று பயம். ஒரு சனிக்கிழமை மதியம் அடியோடு அறுத்துவிடுகிறார். இருபது வருடம் இரண்டு மணி நேரத்தில் முடிந்தது.

பயம் முழுக்கப் பொய்யும் அல்ல. உதிர்கிற பழைய சுண்ணாம்புக் காரைச் சுவரில் இதை ஏற்றுவது புத்திசாலித்தனமல்ல. கூரைக்குழாயை எட்டாமல் வருடா வருடம் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். பிய்த்தால் சுவரில் வேர்த்தடம் பல நாள் இருக்கும். ஆனால் நல்ல நிலையில் உள்ள செங்கல் சுவரை இந்தப் பற்றுவேர்கள் துளைப்பதில்லை, மேலே ஒட்டிக்கொள்கின்றன.

கட்டுக்கடங்காமல் போன கொடியைக் கடுமையாக வெட்டினாலும் அது பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஆனால் சில வருடங்களுக்குப் பூ இருக்காது. அதற்குப் பதிலாக மூன்று நான்கு வருடங்களில் பகுதி பகுதியாகக் குறைத்துக்கொண்டு வந்தால், ஒரு பக்கம் துளிர்க்கும்போது மறுபக்கம் பூத்துக்கொண்டிருக்கும். வெட்டுவதற்கு முன் ஒரு ஜூன் மாதத்தையாவது பார்த்துவிட்டு வெட்டலாம். பார்த்தவர்கள் பலர் வெட்டமாட்டார்கள்!

கைவிட வேண்டிய நேரம்

எல்லாவற்றுக்கும் பொறுமைதான் மருந்து என்று சொல்லிவிட்டால் அது சோம்பேறித்தனத்துக்கு வக்காலத்து வாங்குவதாகிவிடும். 'பதறாத காரியம் சிதறாது' என்று சொன்ன அதே தமிழ்தான் 'ஆறின கஞ்சி பழங்கஞ்சி' என்றும் சொல்லியிருக்கிறது. தண்டின் அடியில் பட்டையை உரித்தால் வெள்ளைப் படலமாகப் பூஞ்சை, காளான் வாடை, இலையுதிர்காலத்தில் அருகே தேன் நிறக் காளான்கள் என்று தெரிந்தால் அது தேன் பூஞ்சை. வேரைத் தின்கிற நோய். வீட்டுத் தோட்டக்காரருக்கு இதற்கு மருந்து கிடையாது. செடியை வேரோடு எடுத்து அப்புறப்படுத்துவதுதான் வழி. அங்கே காத்திருப்பது மற்ற செடிகளுக்கும் ஆபத்து. தண்டிலும் இலையடியிலும் வெள்ளைத் திட்டுகளாக ஒட்டியிருக்கும் செதில்பூச்சியும் செடியைச் சோர வைக்கும். ஆனால் அதற்காக யாரும் செடியைப் பிடுங்க வேண்டியதில்லை. சின்னச் செடியாக இருந்தால் கையாலேயே துடைத்துவிடலாம்.

ஒரே வருடத்தில் வேலி மறைய வேண்டும் என்பவர்களுக்கும் தடையில்லை. ஹனிசக்கிள் வாங்கலாம், வர்ஜீனியா க்ரீப்பர் வாங்கலாம். அவசரம் ஒரு குற்றமல்ல. மெதுவான செடியை வாங்கிவிட்டு அது வேகமாக வளரவில்லை என்று தண்டிப்பதுதான் தவறு.

இதில் விற்பவர்களுக்கும் பங்கு இருக்கிறது. பதினைந்து வருடச் செடியின் படத்தை இரண்டு வருடச் செடியின் கழுத்தில் மாட்டி விற்கிறார்கள். பூ எப்படி இருக்கும் என்று பெரிதாகக் காட்டும் அட்டையில், அது எந்த வருடம் பூக்கும் என்பதையும் அதே அளவு எழுத்தில் போட்டால் என்ன குறைந்துவிடும்? நாலு பேர் வாங்காமல் போகலாம். ஆனால் வாங்குகிறவர் வீட்டில் செடி பிழைக்கும்.

மண்வெட்டிக்கு முன் நகம்

தமிழில் ஒரு பழமொழி உண்டு. தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனையை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான். தென்னை ஐந்தாறு வருடத்தில் காய்த்துவிடும். பனை காய்க்கப் பதினைந்து இருபது வருடம் ஆகும். இரண்டையும் நட்டார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. பலன் தனக்குக் கிடைக்காது என்று தெரிந்தே பனங்கொட்டையைப் புதைத்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் தினமும் போய் அதைத் தோண்டிப் பார்க்கவில்லை.

கொடி ஹைட்ரேஞ்சியா தென்னைக்கும் பனைக்கும் நடுவே நிற்கிறது. நட்டவரே பார்க்கலாம், ஆனால் நினைத்த வருடத்தில் அல்ல. செமஸ்டருக்குச் செமஸ்டர் ரிசல்ட் பார்த்துப் பழகிய தலைமுறைக்கு இது கஷ்டம்தான். ஆறு மாதத்தில் மதிப்பெண் வராத எதுவும் தோல்வி என்று மனம் தானாகக் கணக்குப் போட்டுவிடுகிறது. மண்ணுக்குக் கீழே நடக்கிற வேலைக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

ஆகவே அந்தப் பழைய செங்கல் வீட்டுக்காரர் நான்காம் வருடம் மண்வெட்டியோடு வரும்போது யாராவது கேட்க வேண்டிய கேள்விகள் கொஞ்சம்தான். நகத்தால் சுரண்டிப் பார்த்தீர்களா? மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தீர்களா? சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி நட்டீர்கள்? கடைசியாக எப்போது வெட்டினீர்கள்? தண்டு பச்சையாக இருந்தால் மண்வெட்டியைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டு ஒரு வாளித் தண்ணீரோடு வரலாம். ஊற்றிவிட்டு, இலைமட்கைப் பரப்பிவிட்டு, அடுத்த வருடம் வரை அதைச் சும்மா விட்டுவிடலாம்.

ஐந்தாம் வருடமோ ஏழாம் வருடமோ ஒரு ஜூன் மாதம், வெயில் படாத அந்த வடக்குச் சுவர் வெள்ளையாகப் பூத்து நிற்கும். அப்போது அந்த வீட்டில் அவரே இருக்கலாம், வேறு யாராவது இருக்கலாம். யார் இருந்தாலும் நின்று பார்ப்பார்கள்.